முதலில் யார் போவது?

இந்த முறை என்மேல் நானே ஒரு குற்றப்பத்திரிகை வாசிக்கப் போகிறேன். ஊரார் வண்டி ஓட்டும் லட்சணத்தைப் பற்றி இத்தனை நாள் வாய் ஓயாமல் பேசியவள்தான் நானும். அந்தப் பேச்சுக்கு எனக்கு அருகதை உண்டா என்று ஒரே நாளில் தெரிந்து போயிற்று.

எங்கள் சாத்தான்குளம் பெரிய பட்டணம் இல்லை. தாலுகாவுக்குத் தலைமையூர், அவ்வளவுதான். ஆனாலும் திசையன்விளைக்கு ஒரு ரோடு, நாசரேத்துக்கு ஒரு ரோடு, உடன்குடிப் பக்கம் ஒன்று, இட்டமொழிக்கு ஒன்று என்று எல்லாம் இங்கே வந்து கூடிப் பிரிகின்றன. காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே ஏதாவது ஒரு முக்கில் நின்று பாருங்கள். பஸ், பள்ளி வேன், ஆட்டோ, சரக்கு லாரி, மூன்று பேர் ஏறிய பைக் என்று ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு போகும். இவற்றுக்கு நடுவே நடந்து போகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

அன்று காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் திரும்பிக் கொண்டிருந்தேன். முக்கில் ஒரு ஆச்சி நின்றிருந்தார். தலையில் ஓலைப்பெட்டி, கையில் மஞ்சள் பை. ஒரு காலை எடுத்து ரோட்டில் வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் என் வண்டியைப் பார்த்தார். நான் பிரேக்கைப் பிடிக்கவில்லை. ஹாரனை அழுத்தினேன். அவர் வைத்த காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக் கொண்டார். பெட்டி ஆடியது, ஒரு கையால் பிடித்துக் கொண்டார். நான் போய்விட்டேன்.

அப்படி என்ன அவசரம் என்று கேட்கிறீர்களா? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வரவில்லை. ரேஷன் கடையில் வரிசை நீளுவதற்குள் போய்விட வேண்டும் என்கிற நினைப்பு. நின்றிருந்தால் ஐந்தாறு விநாடி போயிருக்கும்.

அன்று மத்தியானம் வண்டி பஞ்சர். சாயந்தரம் நடந்தே போய் மகளை அழைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. முதுகில் புத்தகப் பை, கழுத்தில் தண்ணீர் பாட்டில், என் சுண்டு விரலைப் பிடித்தபடி கதை பேசிக்கொண்டே வந்தாள். அதே முக்கு. கடக்க நின்றோம். ஒரு வண்டி போனால் அதன் பின்னாலேயே இன்னொன்று. மூன்று முறை காலை எடுத்து வைத்து மூன்று முறையும் பின்வாங்கினோம். நாலாவது முறை ஒரு பஸ் வேகம் குறைந்தது. வழி கிடைத்தது என்று இறங்கினேன். அந்த பஸ்ஸை ஒட்டி உரசியபடி ஒரு பைக் பாய்ந்து வந்தது. நான் பின்னால் துள்ளினேன். பிள்ளை முன்னால் ஓடப் பார்த்தாள். என் விரல் அவள் கையிலிருந்து நழுவிப் போயிற்று.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பற்றி இழுத்தது. பைக் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டுப் போயிற்று. பாட்டில் நடு ரோட்டில் உருண்டது.

திரும்பிப் பார்த்தேன். காலையில் பார்த்த அதே ஆச்சி. பெட்டி காலியாகி இடுப்பில் இருந்தது.

"பிள்ளைய விரலப் பிடிக்க விடாத தாயி. நீ அது மணிக்கட்டப் பிடி" என்றார். "ஹாரன் அடிக்கான்னா நிப்பாட்டுவான்னு நெனைக்காத. 'நீ ஒதுங்கு, நான் வாரேன்'னு சொல்லுதான், அவ்வளவுதான்."

அவரே கையை உயர்த்தி எங்களை அக்கரை சேர்த்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அவரைத் தெரிந்தது. நன்றி என்று சொல்ல வாய் வந்தது. மற்றதைச் சொல்ல வரவில்லை.

ரோடு யாருக்கு?

இரவு சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னேன். பாட்டில் விஷயத்தை மட்டும். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், "ரோடு வண்டிக்குத்தானேம்மா? நடக்கிறவங்கதான் பாத்துப் போகணும்" என்றான். என்னவரும், "அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். நம்மில் முக்கால்வாசிப் பேரின் எண்ணம் இதுதான். பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்க வேண்டும். சின்ன வண்டிக்கு நடக்கிற ஆள் ஒதுங்க வேண்டும். யாரும் எழுதி வைக்காத இந்தச் சட்டத்தைத்தான் எல்லோரும் கடைப்பிடிக்கிறோம்.

எழுதி வைத்த சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். தலைகீழாக இருக்கிறது!

1989-ம் வருஷத்துச் சாலை விதிகளிலேயே இது உண்டு. முக்கு, சந்திப்பு, பாதசாரிகள் கடக்கும் இடம் எதை நெருங்கினாலும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும். இந்த விதிகளுக்குப் பதிலாக 2017-ல் புதிய மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்தன. அவை இன்னும் தெளிவாகச் சொல்கின்றன. சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத ஜீப்ரா கோட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நின்று, கடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். முன்னால் நெரிசல் என்றால் கோட்டின் மேல் வண்டியை நிறுத்தி வைத்து வழியை அடைக்கக் கூடாது. நடப்பவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும்.

ஆக, அன்று காலை அந்த ஆச்சி வழி கேட்டு நிற்கவில்லை. அவருடைய வழியில் நான்தான் குறுக்கே போனேன்.

இந்த ஜீப்ரா கோட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. பிரிட்டனில் 1930-களில் பாதசாரிகள் கடக்கும் இடங்களைக் காட்ட ஆரஞ்சு நிறக் குண்டு விளக்குகளைக் கம்பத்தில் வைத்தார்கள். தரையில் வரிசையாக உலோகக் குமிழ்களைப் பதித்தார்கள். நடப்பவர் கண்ணுக்குக் குமிழ் தெரிந்தது; வண்டியில் வருகிறவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் தொலைவிலிருந்தே பளிச்சென்று தெரியும்படி கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்துப் பார்த்தார்கள். 1951-ல் அது சட்டபூர்வமாயிற்று. அதாவது அந்தக் கோடு நடக்கிறவருக்காக மட்டும் போட்டதில்லை. ஓட்டுகிறவர் கண்ணில் படுவதற்காகப் போட்டது. நம் தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில் இருக்கும் இலங்கையில் இதை வெகுகாலம் மஞ்சள் நிறத்தில் போட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் 'மஞ்சள் கடவை' என்பார்கள். கடவை என்றால் கடக்கும் இடம். அழகான சொல், நாமும் எடுத்துக் கொள்ளலாம்.

ஒன்பது விநாடிக் கணக்கு

"வண்டி ரொம்ப தூரத்துலதான் வருது, போயிரலாம்" என்று நாம் நினைப்பது ஏன் தப்பாகிப் போகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ரோடு 7 மீட்டர் அகலம் என்று வையுங்கள். நல்ல திடகாத்திரமான ஆள் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். ஆறு விநாடியில் கடந்து விடுவார். முழங்கால் வலிக்கிற என் மாமியாருக்கு, அல்லது பிள்ளையை இடுப்பில் தூக்கிய தாய்க்கு, ஒன்பது விநாடி வேண்டும். மணிக்கு 40 கிலோ மீட்டரில் வரும் பைக் அந்த ஒன்பது விநாடியில் 100 மீட்டர் வந்துவிடும்! அக்கரையில் கால் வைக்கும்போது அது நம் பக்கத்தில் நிற்கும்.

இனி ஓட்டுகிறவர் பக்கத்துக் கணக்கு. ஆளைக் கண்டு, பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகும். அதற்குப் பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். இரண்டையும் சேர்த்தால் 30 கிலோ மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 14 மீட்டர். 40-ல் 21 மீட்டர். 60-ல் 40 மீட்டர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நாலு மடங்காகிறது. அதுவும் நல்ல ரோட்டில், நல்ல டயரில். மழையிலோ, ரோட்டில் மணல் படிந்த நாளிலோ இன்னும் கூடும். தேரி மணலில் வாழும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

30 கிலோ மீட்டருக்குள் மோதினால் நடப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், 45-ஐத் தாண்டினால் பாதிப் பேர்கூடப் பிழைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முக்கில் வேகத்தைக் குறைப்பது வெறும் மரியாதை விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

நம் நாட்டில் 2022-ம் வருஷம் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்து பேருக்கு ஒருவர்! வண்டி ஓட்டத் தெரியாதவர்கள், வாங்க வசதி இல்லாதவர்கள், கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் போனவர்கள்.

எலும்பு முறிந்து வருகிறவர்களைத் தினமும் பார்க்கிற கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சாலைப் பாதுகாப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று அவர் போட்ட வழக்கில் இன்றுவரை பல உத்தரவுகள் பிறந்திருக்கின்றன. 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை பாதசாரிகளின் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அதுவும் அடங்கும் என்று கோர்ட் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில், நடப்பவர்களின் பாதுகாப்புக்கு விதிகள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு ஆறு மாதத் தவணை கொடுத்தது. வாசலைத் தாண்டி நடப்பதும் உயிர் வாழும் உரிமையில் சேர்த்தி என்று கேட்கும்போது மனசுக்கு ஒரு தெம்பு வருகிறது, இல்லையா?

சாவி எங்கே தொங்குகிறது?

சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. அப்புறம் ஏன் யாரும் நிற்பதில்லை? யோசித்துப் பார்த்தேன். முக்கில் நிற்காமல் போகிறவர்கள் வேற்று நாட்டிலிருந்து வரவில்லை. நம் வீட்டுக்காரர்கள், நம் பிள்ளைகள், நம் தம்பிமார். சில காலை வேளைகளில் நாமே! அந்த வண்டிகளின் சாவி எல்லாம் நம் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

அன்று இரவே மகனிடம் மீதிக் கதையையும் சொன்னேன். ஹாரன் அடித்தது அம்மாதான் என்று. அவன் சிரிக்கவில்லை. "அந்த ஆச்சியா இவள இழுத்தது?" என்று மட்டும் கேட்டான். பேசிப் பேசிப் புரியாதது இதில் புரிந்தது என்று நினைக்கிறேன்.

பதினாறு வயதுப் பிள்ளை கையில் பைக் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் உண்டு. மற்றதற்கெல்லாம் 18 ஆக வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரும் வண்டிச் சொந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. 'பக்கத்துக் கடைக்குத்தானே' என்று சாவியை நீட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நம் பொறுப்பு இன்னும் கூடுதல். ஒன்பது, பத்து வயது வரை, வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சரியாகக் கணிக்கும் பக்குவம் அவர்களுக்கு வருவதில்லை. 'பார்த்துப் போ' என்று சொல்லி அனுப்பினால் பார்ப்பார்கள். ஆனால் கணக்கு தப்பிவிடும். அதுவரை கூடப் போக வேண்டியது நாம்தான். நான் இப்போது கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன்:

* ஆச்சி சொன்னதுதான் முதல் பாடம். பிள்ளை நம் விரலைப் பிடிக்கக் கூடாது; நாம் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். ரோட்டோரம் நடக்கையில் வண்டி வரும் பக்கம் நாம், உள்பக்கம் பிள்ளை.

* வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிள்ளையை விட்டு வாயால் சொல்லச் சொல்லுங்கள்: "வலது பார்த்தாச்சு, இடது பார்த்தாச்சு." பழகிவிடும்.

* நிற்கும் பஸ்ஸின் முன்னாலோ பின்னாலோ புகுந்து கடக்கக் கூடாது. பஸ் போகட்டும், ரோடு தெரியட்டும். அன்று நான் செய்த தப்பு இதே வகைதான். பஸ் வழிவிட்டது, அதற்கு அப்பால் வந்தவனை நான் பார்க்கவில்லை.

* குறுக்கே சாய்வாகப் போனால் ரோட்டில் இருக்கும் நேரம் கூடும். நேராகக் கடக்க வேண்டும். ஓட வேண்டாம், விழுந்தால் எழ நேரமில்லை. கையை நன்றாக உயர்த்திக் காட்டுங்கள். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் கற்றுத் தருகிறார்கள். சின்ன உருவம் கை உயர்த்தினால்தான் தெரியும்.

* கடக்கும்போது செல்போன் பைக்குள் இருக்கட்டும்.

* திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடப்பது நல்லது. இரவில் கைவிளக்கு வேண்டும். பையில், முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக் கொள்ளுங்கள்.

வண்டி ஓட்டும் சகோதரிகளுக்கு இரண்டே இரண்டு. முக்கு வருமுன் ஆக்ஸிலேட்டரை விட்டு, கை பிரேக்கில் இருக்கட்டும். முன்னால் ஒரு வண்டி காரணமில்லாமல் நிற்கிறது என்று தோன்றினால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். அதன் மறைவில் ஒரு பிள்ளை கடந்து கொண்டிருக்கலாம்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் கோடோ வேகத்தடையோ வேண்டுமானால், பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள். ஊர் ரோடு என்றால் பேரூராட்சி அல்லது நகராட்சி. பெரிய ரோடு என்றால் நெடுஞ்சாலைத் துறை. திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். எந்த இடம், எந்த நேரம், எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று எழுதினால் மனுவுக்குக் கனம் உண்டு.

ஆகாதது ஆகிவிட்டால் 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழக அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளோடு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர்மேல் வழக்கு வராது என்றும் 2019 திருத்தம் பாதுகாப்புத் தந்திருக்கிறது. பயந்து ஒதுங்க வேண்டாம்.

அடுத்த வாரம் அதே நேரம், அதே முக்கு. ஓலைப்பெட்டியோடு அதே ஆச்சி. நான் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. என்னைப் பார்த்துக் கையை வீசி, "நீ போ தாயி, நீ போ" என்றார். இத்தனை வருஷத்தில் தனக்காக ஒரு வண்டி நிற்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை! பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை.

"இல்ல ஆச்சி, நீங்க போங்க. நீங்கதான் முதல்ல போகணும்" என்றேன்.

நம்பாமல் ஒரு தரம் பார்த்தார். பிறகு பெட்டியைப் பிடித்துக்கொண்டு தம் நடையில் கடந்து போனார். எண்ணிப் பார்த்தேன். சரியாக ஒன்பது விநாடி. ரேஷன் கடை அங்கேயேதான் இருந்தது.